இருபத்தொன்றாவது பெயர்

தமிழரசிக்கு இரண்டு பெயர். எங்கள் ரங்கூனில் அது ஒன்றும் அதிசயமில்லை. வீட்டுக்கு ஒரு தமிழ்ப் பெயர், பள்ளிக்கூடத்துக்கும் அடையாள அட்டைக்கும் ஒரு பர்மியப் பெயர் என்றுதான் பாதிப்பேர் வாழ்கிறோம். அப்பா தங்கவேலு ஆசை ஆசையாக வைத்தது தமிழரசி. அட்டையில் இருந்தது மா கின் வின். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பாள்.

பெயர் இரண்டானதால் அவள் கெடவில்லை. கெடுத்தது நாங்கள். நாங்கள் என்றால் ஏழு பேர் கொண்ட தொழில் பயிற்சிக் குழு. நான் சமீனா, அந்தக் குழுவின் தையல் வகுப்பை நடத்தியவள். எல்லாரும் என்னைச் சயாமா என்பார்கள். பாடம் சொல்லிக் கொடுக்கிற பெண்ணுக்கு இங்கே அதுதான் மரியாதை. அந்த மரியாதைக்கு நான் என்ன லட்சணத்தில் இருந்தேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் தையல் வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த காலம். தொழிற்சாலைக்காரர்கள், வட்ட அலுவலகத்து ஆட்கள், சமூகப் பெரியவர்கள் என்று பொறுக்கியெடுத்துக் குழுவை அமைத்தார்கள். நான்கு மாதம் தையல் கற்றுக்கொடுக்க வேண்டும், வேலைக்கு அனுப்ப வேண்டும், எத்தனை பேரை அனுப்பினோம் என்று மேலிடத்துக்கு எழுத வேண்டும். முதல் இரண்டைவிட மூன்றாவதில்தான் எங்களுக்குக் கவனம் அதிகம்.

தமிழரசி தாகேதா பேட்டையிலிருந்து வந்தாள். வயது இருபத்தொன்பது. புருஷன் சுரேந்திரன் மலேசியாவுக்குப் போனான், போனவன் போனவன்தான். ஆறு வயதில் ஒரு மகள். விடியற்காலையில் டீக்கடையில் கிளாஸ் கழுவிவிட்டு வகுப்புக்கு ஓடி வருவாள். சோடாத் தூளில் ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். "இந்தக் கையை வச்சுக்கிட்டு நீ எங்க தைக்கப் போற?" என்று முதல் நாளே கேட்டேன். எரிச்சலாகத்தான் கேட்டேன். அவள் மெஷின் ஊசியில் ஒரே தடவையில் நூலைக் கோர்த்துக் காட்டினாள்.

முப்பது வயது முடிந்தவர்களைப் பயிற்சியில் சேர்க்கக் கூடாது, பயிற்சி இல்லாதவர்களைத் தொழிற்சாலையும் எடுக்காது. அவளுக்கு வருகிற ஜனவரியில் முப்பது முடிகிறது. இந்த வேலை கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் கிளாஸ் கழுவ வேண்டியதுதான். அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

தப்பு பட்டியலில் ஆரம்பித்தது. கோயில் பெரியவர் பொன்னுத்துரை கொடுத்த பட்டியலில் தமிழரசி என்று இருந்தது. வட்ட அலுவலகப் பட்டியலில் மா கின் வின். எங்கள் குமாஸ்தா அப்துல் பாரி இரண்டையும் சேர்த்து ஒரே பதிவேடாக எழுதிவிட்டார். மெஷின் இருபது, உட்காருகிற பெண்கள் இருபது, பெயர் மட்டும் இருபத்தொன்று. நான் வருகை கூப்பிடும்போது இரண்டு பெயருக்கும் அவளே "இருக்கேன் சயாமா" என்பாள். வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்தேனே தவிர ஒரு பெயரை அடிக்கவில்லை. கணக்கில் ஓர் ஆள் கூடினால் குழுத் தலைவருக்குச் சந்தோஷம், தலைவர் சந்தோஷமாக இருந்தால் எனக்கு நிம்மதி.

ஆகஸ்ட் கடைசியில் பயிற்சி முடிந்தது. தொழிற்சாலை இருபத்தொரு இடம் கொடுத்தது. ஓர் இடம் மிச்சம். தலைவர் ஊ மௌங் கோவுக்கு ஒரு மருமகள் முறைப் பெண் இருந்தாள். தையல் மெஷினைக் கடையில் பார்த்ததோடு சரி. மா கின் வின் என்கிற பெயர் அவளுக்குப் போயிற்று. தமிழரசிக்குத் தமிழரசி என்ற பெயரை வைத்தார்கள்.

வேலைக்குச் சேரும் நாளில் எங்கள் பெண்கள் லைன் கார் பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். தலைவர் வீட்டுப் பெண் அவருடைய காரில் வந்தாள். காரில் வந்தவளிடம் யாரும் அட்டை கேட்கவில்லை. தமிழரசியிடம் கேட்டார்கள். கடிதத்தில் ஒரு பெயர், அட்டையில் வேறு பெயர். காவலாளி பட்டியலைப் பார்த்துவிட்டு, மா கின் வின் அப்போதே உள்ளே போய்விட்டாள் என்றான். சாயங்காலம் வரை தமிழரசி கேட்டருகில் நின்றிருக்கிறாள்.

குழு மாதத்தின் முதல் சனிக்கிழமை கூடும். செப்டம்பரிலும் அக்டோபரிலும் நவம்பரிலும் வந்து வெளி பெஞ்சில் உட்கார்ந்தாள். பட்டியல் குமாஸ்தாவின் வேலை என்றார் தலைவர். குழு ஒப்புக்கொண்டதைத்தான் எழுதினேன் என்றார் அப்துல் பாரி. "நான் தமிழ்ப் பேரைக் குடுத்தேன். அது ஒரு குத்தமா?" என்று பொன்னுத்துரை கோபித்துக்கொண்டார். நான் தையல் சொல்லிக்கொடுப்பவள் மட்டுமே என்று நானும் நழுவினேன்.

நவம்பர் கடைசியில் மேலிடத்து அதிகாரி ஒருவர் கணக்குப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. இருபது மெஷினில் இருபத்தொரு பேர் எப்படிப் படித்தார்கள் என்று கேட்டால்? தலைவர் ஒரு தாளை என் கையில் கொடுத்தார். "தமிழரசி ஆகிய நான் சொந்தக் காரணத்தால் பயிற்சியைப் பாதியில் விட்டு விலகினேன்." உன்னைத்தான் அவள் நம்புவாள், நீயே போய்க் கையெழுத்து வாங்கி வா என்றார். போனேன்.

டீக்கடைப் பின்கட்டில் இருந்தாள். தாள் நனைந்துவிடக் கூடாது என்று கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள்.

"நான் பாதியில விடலையே சயாமா. ஒரு நாள்கூட லீவு போடலையே."

"எனக்குத் தெரியாதாம்மா? சும்மா பேப்பருக்குத்தான்."

"போட்டா வேலை கெடைக்குமா?"

"டிசம்பர் வகுப்புல மொதப் பேரு உன்னோடதுதான். இந்தத் தடவை அட்டையில உள்ள பேர்லயே சேத்து அனுப்பிடலாம். நான் பாத்துக்கறேன்."

கையெழுத்துப் போட்டாள். எனக்குப் பால் அதிகமாக ஊற்றி ஒரு டீயும் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

அதிகாரி வந்தார். மெஷினை எண்ணினார், பெயரை எண்ணினார், இரண்டும் சரியாக இருந்தது. நிர்வாகம் தெளிவாக இருப்பதாக எழுதினார். ஒரே குறை, பயிற்சியைப் பாதியில் விட்டுப் போகிறவர்களால் அரசுப் பணம் வீணாகிறது, அப்படிப்பட்டவர்களை மறுபடி சேர்க்க வேண்டாம் என்றார். அந்தச் சனிக்கிழமையே அதைத் தீர்மானமாக்கினோம். கை தூக்கச் சொன்னார்கள். அவள் நினைவு வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வந்தது. நானும் தூக்கினேன்.

டிசம்பர் சேர்க்கை அன்று வரிசையில் முதல் ஆளாக நின்றாள். மகளையும் அழைத்து வந்திருந்தாள். அப்துல் பாரி பதிவேட்டைப் புரட்டினார்.

"தமிழரசி பாதியில விட்டவ. இனிமே சேக்க முடியாது."

"அப்ப மா கின் வின்னு எழுதுங்க ஐயா. இந்தாங்க அட்டை."

"மா கின் வின் வேலைக்குப் போயாச்சு. வேலையில இருக்கறவளுக்கு எதுக்குப் பயிற்சி?"

அவள் அட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தாலாவது தாங்கியிருப்பேன். உதவிக்கு ஆள் கிடைத்துவிட்ட மாதிரிப் பார்த்தாள்.

"சயாமா, எனக்கு வேற பேரு இல்லையே."

அறையின் அந்தக் கோடியிலிருந்து தலைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் என் வேலையைப் புதுப்பிக்கிற கடிதத்தில் அவர்தான் கையெழுத்திட வேண்டும்.

"தள்ளி நில்லும்மா," என்றேன். "பின்னால ஆள் நிக்குது."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றாள்.