மார் பர்சாபோவின் பங்கு

மித்யாத் நகரத்துக்குக் கிழக்கே, மார் பர்சாபோ மடத்தின் சாவி ஸெய்தேயின் இடுப்பில்தான் இருந்தது. எழுநூறு வருஷத்து மடம். துறவிகள் கண்மூடினார்கள், ஊரே சுவீடனுக்கும் ஜெர்மனிக்கும் போய்விட்டது. பிள்ளைகள் எவ்வளவோ கூப்பிட்டும் ஸெய்தே நகரவில்லை. மடத்துத் திராட்சைக்குக் கவாத்து செய்தாள். பழத்தில் மூன்றில் ஒன்று புனிதர் மார் பர்சாபோவின் பங்கு. அது பலிபீடத்துக்குப் போகும். மீதி அவள் கூலி.

போன வருஷம் அரசாங்கத்திலிருந்து நிலம் அளக்க வந்தார்கள். வினை அங்கேதான் தொடங்கியது.

"இந்த இடம் யாரோடதும்மா?"

"மார் பர்சாபோவோடது."

"சரி, அவரைக் கூப்பிடுங்க."

"அவரு செத்து எழுநூறு வருஷமாச்சே!"

வேறென்ன சொல்வாள்? மடத்து நிலத்துக்கு ஒரு மனுஷன் பேரைச் சொல்ல எங்கள் ஊர்க்காரர் நாக்கு கூசும். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே, உரிமையாளர் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். பின்னாலேயே அரசாங்கப் பலகை முளைத்தது. அங்கே ஹோட்டல் வரப்போகிறதாம். துறவிகளைப் புதைத்த இடத்தில் எவனோ கால்மேல் கால் போட்டுக் காபி குடிப்பானாம். வயிறு எரியாதா?

வக்கீல் அஃப்ரேம் இந்த ஊர்ப் பையன்தான். நேராக விஷயத்துக்கு வந்தான்.

"அத்தை, இருபது வருஷம் பயிர் வச்சவங்களுக்கே நிலம்னு சட்டம் இருக்கு. கோர்ட்டுல 'என்னுது'ன்னு சொல்லுங்க, போதும்."

"சாமி சொத்தை என்னுதுன்னு சொல்லவா? உனக்கு ஞானஸ்நானம் குடுத்ததே அங்கதான்டா, நன்றிகெட்டவனே!"

"திட்டுங்க. ஆனா அவரு பேருல கேட்டா கேஸ் நிக்காது. அப்புறம் ஹோட்டல்தான்."

நீதிபதி கேட்டபோது ஸெய்தே தலையைக் குனிந்துகொண்டு, "என்னுது" என்றாள். தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. பலகையைப் பிடுங்கி எறிந்தார்கள். பிள்ளைகள் போனில் அழுது வாழ்த்தினார்கள்.

அறுப்பு வந்தது. வழக்கம்போல மூன்றில் ஒன்றைப் பிரித்துக் கூடையில் எடுத்துக்கொண்டு பலிபீடத்துக்கு முன்னால் போய் நின்றாள். கை இறக்க மறுத்தது. இத்தனை காலமும் அது அவருடைய பங்கு. இப்போது பத்திரப்படி ஒவ்வொரு பழமும் அவளுடையது. இறக்கி வைத்தால் அது அவருக்கு அவள் போடும் பிச்சை.

"பாருய்யா, மார் பர்சாபோ!" என்று சுவர் அதிரக் கத்தினாள். "உன் மடத்தை உனக்குக் காப்பாத்த என்னைத் திருடியாக்கிட்டானுங்க. உன்னைப் பிச்சைக்காரனாக்கிட்டானுங்க!"

கூடை அவள் இடுப்பிலேயே இருந்தது.