சிவப்பு நூல் தைத்த மூட்டைகள்

எங்கள் வீட்டுக்குக் காசு வருடத்தில் ஒரு நாள்தான் வரும். நெல்லை ஏற்றிக்கொண்டு லொறி போகிற நாள். மற்ற நாட்களில் வருவது மீனுக்கும் பஸ்சுக்கும் சரி. என் வீட்டுக்காரர் மேசனுக்குக் கையாளாகப் போனால் கூலி உண்டு. மழை வந்தால் அதுவும் இல்லை.

ஊர் வயல்வெளியை வட்டை என்போம். எங்கள் வயல் வட்டையின் கடைசியில் கிடக்கிறது. மேலே இருக்கிறவர்களின் வயல் நிறைந்து வழிந்த பிறகுதான் வாய்க்கால் எங்களை நினைக்கும். வெயில்காலச் சிறுபோகத்தில் நினைக்காது. ஆகவே மழைக்காலப் பெரும்போகம் மட்டும். அதில் விளைவதை வைத்து ஒரு வருடம் சீவிக்க வேண்டும்.

எப்படிச் சீவிக்கிறீர்கள் என்று மாதச் சம்பளக்காரர்கள் கேட்பார்கள். இருபதாம் திகதிக்குப் பிறகு கைமாற்றுக்கு வருகிறவர்களும் அவர்கள்தான்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கணக்கு எழுதி வைப்பதில்லை. நெல் களத்தில் இருந்து வந்ததும் முதலில் ஸக்காத்தைப் பிரிப்பேன். அது ஏழைகளுடையது, எங்களுடையது அல்ல. பிறகு விதைநெல். பிறகு சாப்பாட்டு நெல். அடுத்த அறுவடை வரைக்கும் இந்த வீடு தின்னப்போகிற நெல். அந்த மூட்டைகளின் வாயை மட்டும் சிவப்பு நூலால் தைப்பேன். மிச்சத்துக்கு வெள்ளை நூல். வெள்ளை நூல் வியாபாரிக்கு. சிவப்பு நூல் மில்லுக்குப் போகிற நாளில் மட்டும் அறுபடும். அதற்கு முன் யார் செத்தாலும் அறுபடாது.

வெள்ளை நூலின் காசு வந்த கிழமையே அதைச் சாமானாக்கிவிடுவேன். பசளை உரக் கடை, உழவு மெசின், வெட்டு மெசின் கடன் எல்லாம் தீர்த்தால் கொஞ்சம் மிஞ்சும். அதில் கொச்சிக்காய், கருவாடு, புளி, உப்பு, மல்லி, பிள்ளைகளின் கொப்பி, கூரைக்கு நாலு தகரம். காசாக வைத்திருந்தால் எவனாவது கேட்பான். நாளைக்குத் தருகிறேன் என்று வாங்குவான். புளியாக வைத்திருந்தால் ஒருவனும் கேட்கமாட்டான்.

இதற்குப் பெயர் கஞ்சத்தனம் என்று வீட்டுக்காரரின் ராத்தா, அவருடைய மூத்த சகோதரி, சொல்லித் திரிந்தார். எனக்கு மதினி. அவருடைய வயல் வட்டையின் தலைப்பில். இரண்டு போகம். ஆனாலும் அவர் வீட்டில் இருந்து மாதம் ஒருமுறையாவது எங்கள் புளிப் பானைக்கு ஆள் வரும்.

போன அறுவடைக்குப் பிறகு மூத்த மகளுக்குக் கலியாணம் செய்தோம். மாப்பிள்ளையைப் பேசிக் கொண்டுவந்தது மதினிதான். எங்கள் ஊர் வழக்கப்படி வீட்டை மகளின் பெயரில் எழுதினோம். மருமகன் எங்களோடு வந்து இருந்தான். கல்முனையில் ஒரு புடவைக் கடையில் வேலை. வாய் திறக்கமாட்டான். நன்றாகத் தின்பான். நானும் வீட்டுக்காரரும் பின்பக்கம் இறக்கிய அறைக்கு வந்தோம். சிவப்பு நூல் மூட்டைகளும் எங்களோடு வந்தன. ஒரு சுவரில் நாங்கள், மறு சுவரில் அவை.

இனி நோன்பின் கதை.

நோன்பு வருடா வருடம் பத்துப் பதினொரு நாள் முந்தி வரும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்து என்ன? மூத்தவள் கைக்குழந்தையாக இருந்தபோது நோன்பு நல்ல வெயிலில் வந்தது. அப்போது எவருடைய கையிலும் காசு இல்லை. பழைய உடுப்பைக் கழுவிக் கஞ்சிப் பசை போட்டுப் பெருநாள் கொண்டாடினோம். ஒருத்தரும் வெட்கப்படவில்லை. பிறகு நோன்பு நகர்ந்து நகர்ந்து அறுவடைக்குப் பின்னால் வந்து குந்தியது. கொஞ்ச வருடம் அங்கேயே இருந்தது. கையில் காசு, களத்தில் புது நெல், உடனே நோன்பு. ஊருக்குத் திடீரென்று தாராள மனம் வந்தது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்கு நோன்புச் சாமான் அனுப்புகிற வழக்கம் முன்பும் இருந்தது. ஒரு பார்சல் பேரீச்சம்பழம், மாப்பிள்ளைக்கு உடுக்க ஒரு மருதமுனைச் சாரன். அவ்வளவுதான். இப்போது வேனில் அனுப்புகிறார்கள். பெட்டிக்குப் பூப்போட்ட தாள் சுற்றுகிறார்கள். போனில் படம் பிடித்து, அனுப்பாதவர்களுக்கு அனுப்புகிறார்கள்.

இந்த முறை மழை கூடி விதைப்பு அழிந்தது. மறுபடி விதைத்தோம். அறுவடை பிந்தியது. நோன்பு முந்தியது. வயலில் கதிர் பச்சையாக நிற்கும்போதே பிறை கண்டுவிட்டார்கள்.

ஊருக்கு இது அநியாயமாகப் பட்டது. என் மகளே சொன்னாள்.

"நோன்பு எண்டா வெள்ளாம வெட்டின புறகுதானே உம்மா வாற?"

"அது உனக்காக வாறல்ல" என்றேன்.

அன்று எங்கள் அறையில் ஐந்து சிவப்பு நூல் மூட்டைகள் மிஞ்சியிருந்தன. அறுவடை வரை இழுத்துப் பிடித்தால் வரும். புதிதாக ஒரு வாய் கூடியிருந்தது. அதையும் சேர்த்தே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நோன்பின் முதல் கிழமையில் அசர் தொழுகைக்குப் பிறகு மதினி வந்தார். மகளின் கட்டிலில் சாய்ந்துகொண்டு விரல் மடித்துச் சொன்னார். மாப்பிள்ளையின் உம்மாவுக்குச் சாரி. வாப்பாவுக்குச் சாரனும் சேட்டும். தங்கச்சிமார் மூன்று பேருக்கும் அபாயா. பேரீச்சம்பழம் நல்லது. பழப் பெட்டி. வேன் கூலி.

"எதுல?" என்றேன்.

"அறையில அஞ்சு மூட்டை கெடக்கித்தானே கா. நாலக் குடுத்தா எல்லாம் முடியும். இப்ப நெல்லுக்கு நல்ல வில."

"மறுகா என்னத்தத் திங்கிற?"

"நோன்புதானே புள்ள. பகலைக்குத் திங்கவா போறீங்க?"

இப்படி ஒரு கணக்கை நான் வேறு எவரிடமும் கேட்டதில்லை.

"பகலைக்குத் திங்கிறல்ல மதினி. அதுக்கும் சேத்து ராவைக்குத் திங்காங்க."

"ஊரு கதைக்கும். முதல் நோன்பு. புள்ளைக்குத்தான் மரியாதக் கேடு. நானும் என்ட நெல்லக் குடுத்துத்தான் என்ட மகள்ட மாப்பிள்ள வீட்டுக்குச் செய்யிறன். புது நெல்லு இந்தா வருகிது."

"வந்த புறகு கதைப்பம்."

மகள் கதவுக்குப் பின்னால் நின்று மூக்கை உறிஞ்சினாள். வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ராத்தா முன்னால் அவருக்கு வாய் வராது. ராத்தா போன பிறகு என் முன்னாலும் வரவில்லை. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். பேசாத ஆண் வேறு வழி பார்க்கிறான்.

மறுநாள் பட்டா என்கிற குட்டி லொறி ஒன்று வாசலில் வந்து நின்றது. நெல் வியாபாரி. சின்னப் பொடியன், பெரிய தாடி. வீட்டுக்காரர் முன் சீட்டில் இருந்து இறங்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ராத்தா, இண்டைக்குத்தான் இந்த வில" என்றான் வியாபாரி. "புது நெல்லு வந்தா விழுந்திரும்."

"எங்களுக்கு நல்லது செய்யிறதுக்கா டீசல எரிச்சிக்கி வந்த நீங்க?"

சிரித்தான். "யாவாரமும் நன்மையும் ஒண்டாப் போகட்டுமே ராத்தா. நோன்பு நேரம்."

நான் அறைக்குள் போனேன். மூட்டையின் மேல் ஏறி இருந்தேன். வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்றார்.

"எழும்பு. மனிசர் பாக்காங்க."

"பாக்கட்டும்."

"ராத்தாக்குச் சொல்லிட்டன்."

"எனக்குச் சொல்லல்லியே."

"வெள்ளாம இன்னும் கொஞ்ச நாள்தானே. கடையில கடனுக்கு அரிசி எடுப்பம்."

முப்பது வருடமாக வயல் செய்கிற மனிதர். தன் நெல்லை விற்றுவிட்டுக் கடையில் கடனுக்கு அரிசி எடுப்பாராம். அந்த அரிசியைக் கடைக்காரனுக்கு விற்றது இதே தாடிக்காரனாகத்தான் இருப்பான். தவிட்டை எடுத்துக்கொண்டு, விலையைக் கூட்டி, எங்களிடமே கொண்டுவருவான். இதையெல்லாம் நான் சொல்லவில்லை. அவருக்கும் தெரியும். தெரிந்தவருக்குச் சொல்லி வாயை ஏன் காயவைக்க வேண்டும்?

மூட்டை தூக்க மருமகனைக் கூப்பிட்டார். அவன் கடையில் இருந்து அப்போதுதான் வந்திருந்தான். உள்ளே வந்தான். மூட்டையைப் பார்த்தான். மூட்டையின் மேல் மாமியைப் பார்த்தான்.

"என்னத்துக்கு மாமா விக்கிற?"

வீட்டுக்காரர் இருமினார். "உங்கட வீட்டாக்களுக்குத்தான் மகன். நோன்புச் சாமான். பெருநாள் உடுப்பு."

மருமகன் மூட்டையில் கைவைக்கவில்லை.

"இந்த வீட்டில கூடுதலாத் திங்கிற நான்தான் மாமா" என்றான். "எனக்குச் சாரன் இரிக்கி. உம்மாட்ட நான் சொல்லுறன்."

வந்து ஒரு வருடத்தில் அவன் வாயில் இருந்து வந்த உருப்படியான கதை அதுதான். வெளியே போய் முகம் கழுவத் தொடங்கினான்.

வியாபாரி இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தான்.

"அப்ப நான் வாறன் ராத்தா. டீசல் நட்டம்."

"தேத்தண்ணி தரவும் ஏலா தம்பி. நோன்பு."

லொறி போனது. வீட்டுக்காரர் அன்று நோன்பு திறக்கும்வரை பள்ளிவாசலில் இருந்தார். தொழுகை, இபாதத்தில் அவ்வளவு ஈடுபாடு அவருக்கு முன்பு இருந்ததில்லை.

அடுத்த கிழமை மில்லுக்கு ஒரு மூட்டை அனுப்பினேன். வந்த அரிசியில் பாதியைத் துப்பரவாகப் புடைத்தேன். ஒரு பார்சல் பேரீச்சம்பழமும் வைத்து, மருமகனின் சைக்கிளில் கட்டி, அவனுடைய உம்மாவுக்கு அனுப்பினேன். எங்கள் வீட்டு நோன்புச் சாமான் அது. அந்த அரைப் பங்கை நாங்கள் விடியுமுன் தின்கிற ஸஹர் சாப்பாட்டில் குறைத்துத் தின்று சரிக்கட்டினோம்.

மதினி கேள்விப்பட்டு வந்து வாசலில் நின்றபடியே கத்தினார்.

"அரிசியா கா அனுப்பின? வயல் வேலைக்கு வந்த ஆளுக்குக் கூலி அளக்கிற மாதிரி?"

"ஓம்."

"என்ட முகத்த எங்க வெக்கிற?"

"இருக்கிற இடத்திலயே இருக்கட்டும்."

மருமகனின் உம்மா அரிசியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, வெறும் பையை மடித்துக் கொடுத்து அனுப்பினார். அவ்வளவுதான். அவர்கள் வீட்டிலும் வயல்தான். அவர்களுக்கும் இன்னும் வெட்டவில்லை.

மதினியின் வேன் இருபதாம் நோன்பு கழிந்து போனது. அவருடைய மகளைக் கட்டிய மாப்பிள்ளை வீட்டுக்கு. பெட்டிகளை முதலில் வாசலில் அடுக்கிப் படம் பிடித்தார்கள். பிறகு வேனில் அடுக்கிப் படம் பிடித்தார்கள். எங்கள் வீட்டு ஒழுங்கை வழியால் போனால் தூரம். ஆனாலும் எங்கள் ஒழுங்கையால்தான் போனது. மகள் கேற்றில் நின்று பார்த்தாள். என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. சோறு மட்டும் தின்றாள்.

பெருநாளுக்கு முதல்நாள் பின்னேரம். நான் கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பின்பக்க வேலியைத் தள்ளிக்கொண்டு மதினி வந்தார். முன்வாசலால் வரவில்லை. முக்காட்டுக்குள் ஒரு துணிப்பை இருந்தது.

"என்ன கா புள்ள, மீனா?"

"ஓம். பாறை."

மீனைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார்.

"நாளைக்கு மாப்பிள்ள வீட்டாக்கள் சாப்பிட வாறாங்க. கடையில நல்ல அரிசி இல்ல. உங்கட சம்பாதான் வாசம்."

கடையில் அரிசி முகடு முட்டக் கிடந்தது. கடன் கொடுக்கத்தான் கடைக்காரன் ஆயத்தமாக இல்லை. அவனும் அறுவடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாப்பாட்டு நெல்லு முழுக்கக் குடுத்தீங்களா?" என்றேன்.

"புது நெல்லு வந்திரும் எண்டு நெனச்சன்."

கையைக் கழுவினேன். உள்ளே போனேன். கடைசி மூட்டையின் அரிசி, பானையில் பாதிக்குக் கீழே இருந்தது. அறுவடைக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. அளவுக் கொத்தை எடுத்து அளந்தேன். வீட்டுக்காரர் கட்டிலில் படுத்திருந்தார். நித்திரை மாதிரிக் கிடந்தார். கண் மூடியிருந்தது. காது மூடியிருக்கவில்லை.

பையை மதினியிடம் கொடுத்தேன். தூக்கிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"மூணு கொத்து. ஒரு மாசமா நோன்பு புடிச்சவங்க. கொறச்சித்தான் திம்பாங்க."

தான் அன்று சொன்ன கணக்கு அவருக்கு ஞாபகம் வந்தது. முகத்தில் தெரிந்தது. பையை முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்த வழியே போனார்.

பெருநாள் காலையில் வீட்டுக்காரர் பழைய சாரனும் பழைய சேட்டும் உடுத்து மைதானத்துத் தொழுகைக்குப் போனார். கஞ்சிப் பசை போட்டு நான்தான் தேய்த்துக் கொடுத்தேன். திரும்பி வந்து ஒரு வார்த்தை சொன்னார்.

"மைதானத்தில நிறையப் பேரு பழசுதான்."

"தெரியும்" என்றேன்.

பெருநாள் கழிந்து வயல் வெட்டினோம். வெட்டிய அன்று காலையில் பானையைக் கவிழ்த்துத் தட்டி, அடியில் இருந்த அரிசியில் கஞ்சி காய்ச்சினேன். தண்ணீர்தான் கூட. மருமகன் இரண்டு கோப்பை குடித்தான்.

நெல் வந்தது. ஸக்காத்தைப் பிரித்தேன். விதைநெல்லைப் பிரித்தேன். தாடிக்கார வியாபாரி அதே பட்டாவில் வந்து வெள்ளை நூல் மூட்டைகளை ஏற்றினான். விலை விழுந்துதான் இருந்தது. அதில் அவன் பொய் சொல்லவில்லை. மதினி வீட்டுக்கும் போனான். அங்கே சாப்பாட்டு நெல்லையும் சேர்த்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்தான் என்று மகள் சொன்னாள். வேன் கூலியும் அபாயாக் கடையும் பாக்கியாம்.

அடுத்த வருடம் நோன்பு இன்னும் முந்தி வரும். அறுவடை முந்தாது.

அறைக்குள் குந்தி, சாக்கூசியில் சிவப்பு நூலைக் கோர்த்தேன். வீட்டுக்காரர் மூட்டையின் வாயைப் பிடித்துத் தந்தார். எங்களுக்குப் போதும் என்று ஆன பிறகும் ஊசியை வைக்கவில்லை. வெள்ளை நூல் பக்கத்தில் இருந்து இன்னுமொரு மூட்டையை இழுத்தேன். அந்தக் காசில்தான் கூரைக்குத் தகரம் வாங்க இருந்தேன்.

"இது ஆருக்கு?" என்றார்.

"உங்கட ராத்தாக்கு."

வாயைப் பிடித்தார். தைத்தேன்.