மதர்போர்டை அலசிக் காயவச்ச மாரி அண்ணன்

இன்னிக்கு எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல.

கோட்டைக்குப்பத்துல நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்குறது உங்களுக்குத் தெரியும். ரெண்டு வாரம் முன்ன, கடலுக்குப் போற தோணிரேவு மாரி அண்ணன் ஒரு பழைய சிபியுவைத் தூக்கினு வந்தாரு. பொண்ணு அதுலதான் டைப்பிங் பழகுதாம். ரெண்டு நாள் மல்லுக்கட்டிப் பாத்துட்டு, "உப்புக்காத்துல மதர்போர்டு போச்சு, தூக்கிப் போட்ருண்ணா"ன்னு அனுப்பிட்டேன்.

இன்னிக்குக் காலைல அதையே தூக்கினு வந்து நிக்கிறாரு.

"இன்னாண்ணா?"

"ஓடுதுப்பா. டைம் மட்டும் தப்பாக் காட்டுது, அதைப் பாரு."

எப்படி ஓடுதுன்னு கேட்டேன்.

"கடலுக்குப் போயிட்டு வந்தா படகு இன்ஜினை நல்ல தண்ணி வுட்டு அலசுறோம்ல? அதே மாதிரி போர்டைக் கழட்டி அலசினேன். கருவாடு காயுற எடத்துலயே மூணு நாள் காயவச்சேன்."

எனக்குக் கோவம் தலைக்கேறிச்சு. "கரண்டு சாமானைப் போய் தண்ணில அலசுவியா? அறிவு வேணாமாண்ணா?"ன்னு கத்திட்டேன்.

"உப்பு ஏறினா அலசணும். இதைக் கூடவா உனக்குச் சொல்லித் தரல?"ன்னு அமைதியாக் கேக்குறாரு.

ப்ளக்கை மாட்டினேன். கருவாட்டு வாடையோட ஜம்முனு ஓடுது.

கொடுமை இன்னான்னா, ஊரு பூரா சொல்லிட்டாரு. சாயங்காலம் ஒருத்தர் போன் பண்ணி, "தம்பி, மானிட்டரையும் அலசலாமா?"ன்னாரு. கூடவே கூடாதுன்னேன்.

"சரி வுடு, நான் மாரியையே கேட்டுக்கிறேன்"னு வெச்சிட்டாரு.

என் கடை போர்டையும் கழட்டி அலசிடவா, சொல்லுங்க.