சயாமுக்கு ஆள் ஏற்றிய லோரி

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். எங்கள் முதலாளி மறைக்க நினைத்தது ஒரு லோரியை. அதை ஓட்டியவன் நான் என்பதால், சோறு போட்டு மூடும் வேலை என் தலையில் விழுந்தது.

சப்பான்காரன் போய், வெள்ளைக்காரன் திரும்பி வந்து, சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த வருஷங்கள். முதலாளி நகரசபைத் தேர்தலில் நின்றார். காஜா பேராங்கில் அவருக்கு லோரிக் கொட்டகை; கல், மணல் ஏற்றும் வியாபாரம். முகம் கொடுத்துப் பேசும் மனுஷர், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் ஓட்டுக் கேட்டு வந்தவனின் மூட்டையை ஊர் அவிழ்த்துப் பார்க்காமல் விடுமா? ‘சப்பான்காரன் காலத்தில் நம் சைக்கிளே பறிபோனது, இவர் லோரி மட்டும் எப்படி ஓடியது? சயாமுக்கு ஆள் ஏற்றித்தானே?’ காப்பிக் கடையில் முளைத்த கேள்வி தேர்தல் கூட்டத்துக்கே வந்துவிட்டது.

“மரவள்ளிக் கெழங்குதான் ஏத்துனோம். ஊரு பசியாத்துன லோரி அது!” என்றார் முதலாளி, திடலில் மேசைமேல் ஏறி நின்று.

“லோரிக்கு வாயில்லாதது ஒங்க அதிர்ஷ்டம்லா, மொதலாளி!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்த, கூட்டம் சிரித்தது.

சிரிக்காமல் ஒருத்தி எழுந்தாள். வீடுகளில் துணி துவைத்துப் பிழைப்பவள்.

“நான் மொதலாளியக் கேக்கல. லோரி ஓட்டுன அண்ணனக் கேக்குறேன். எம் மகளுக்குக் கல்யாணம் வருது. பூ வச்சுப் பந்தல்ல நிக்கறதா, ஓரமா ஒதுங்கறதான்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. செமாபோக்குல வேலைன்னு சொல்லிட்டுப் போனாரு என் வீட்டுக்காரர். ஒங்க லோரில ஏறுனாரா அண்ணே?”

ஏறினார். செமாபோக் முனையில், விடியுமுன், இருபது பேரோடு. பின்னால் இடமில்லாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். “பொண்டாட்டிகிட்ட சயாமுன்னா விடமாட்டாண்ணே. மூணு மாசம், அரிசியோட வந்துருவேன்” என்று தம்பின் ஸ்டேஷன்வரை பேசிக்கொண்டே வந்தார். சப்பான்காரனுக்குச் சயாமில் ரயில்பாதை போட அங்கிருந்து போனவர்களில் ஒருவரையும் நான் திரும்பப் பார்க்கவில்லை.

முதலாளி என்னைப் பார்த்தார். அவள் நெற்றியில் குங்குமம் இருந்தது.

“கெழங்குதான் தங்கச்சி” என்றேன்.

சம்பளத்துக்காகச் சொன்னேனா, அவள் பூவுக்காகச் சொன்னேனா? இன்றைக்கு என்னை உலுக்கிக் கேட்டாலும் தெரியாது.

முதலாளி ஜெயித்தார். அவளும் மகளைத் தாரை வார்த்தபோது தலை நிறைய மல்லிகையோடு பந்தலில் நின்றாள். பந்தியில் எனக்கு அவளே பரிமாறினாள். குனிந்து மெதுவாகச் சொன்னாள்:

“அப்ப அவரு சயாமுக்குப் போகல, இல்லண்ணே? இங்கதான் எங்கயோ கோவிச்சுக்கிட்டு இருக்காரு. லோரி போற ஊர்லயெல்லாம் கொஞ்சம் விசாரிங்க.”

விசாரித்தேன். அதுதான் என்னை இன்னும் தூங்கவிடாதது. புக்கிட் பாருவில், ஆயர் குரோவில், பெயரையும் அடையாளத்தையும் சொல்லி, தெரியாதவன்போலக் கேட்டேன். ‘இல்லை’ என்று ஒவ்வொரு முறையும் அவளிடம் போய்ச் சொன்னேன். “அடுத்த ஊர்ல பாருங்க” என்பாள்.

ஒருநாள் தம்பினில், நான் அவரை இறக்கிவிட்ட ஸ்டேஷன் எதிரே இருந்த கடையிலும் கேட்டேன்.

“கடைசியா அவர யாரு பாத்தாங்க?” என்றார் கடைக்காரர்.

காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.