கோடி போன நேரத்தில் பாட்டு

நான் செய்தி வாசிப்பாளர். ஆனால் செய்தி வாசிக்கக் கூடாது. செஞ்சியில் நான் வேலை பார்க்கிற மாதிரியான சின்ன வானொலிகளுக்கு அதுதான் விதி. மின்தடை, மழை, மல்லாட்டை என்கிற நிலக்கடலையின் விலை, காணாமல் போன எருமை ஆகியவற்றை வாசிக்கலாம். அவற்றுக்குப் பெயர் 'தகவல்'. நாட்டில் ஆட்சியே கவிழ்ந்தாலும் நான் எருமையைத்தான் தேடிக்கொண்டிருப்பேன். அதையும் கணீரென்று தேடுவேன். பாதி வாழ்க்கை அப்படிப் போய்விட்டது.

உள்ளுக்குள் இருந்த ஆசை கிரிக்கெட் வர்ணனை. குளியலறையில் நான் வர்ணிக்காத டெஸ்ட் மேட்ச் இல்லை. அடுப்படியில் தோசை திருப்புவதையும் வர்ணித்துப் பார்த்தேன். மனைவி கரண்டியோடு திரும்பிய அன்று நிறுத்திவிட்டேன்.

போன மழைக்காலத்தில் நிலைய இயக்குநர் அம்மா கூப்பிட்டார். "சார், சாயங்காலத் தகவலை யாரும் கேக்கற மாதிரியே தெரியல. திங்கட்கிழமையிலேர்ந்து அந்த நேரத்துக்கு நேயர் விருப்பப் பாட்டு."

எனக்கு எருமை மேலேயே பாசம் வந்துவிட்டது. "மேடம், ஏரி இப்பவோ அப்பவோன்னு இருக்குது. கோடி போறத கரையிலேர்ந்து நேரலையா சொல்றேன். ஒரே ஒரு தடவை."

ஏரி நிரம்பி, கோடிக் கல்லைத் தாண்டி வழிவதைத்தான் கோடி போவது என்போம். எங்கள் ஏரி அப்படிப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. இயக்குநர் யோசித்தார். "பத்து நிமிஷம். கேக்கறாங்கன்னு தெரிஞ்சா பாக்கலாம்."

வெள்ளிக்கிழமை மாலை கரையில் ஊரே நின்றது. தண்ணீர் கல்லுக்கு நாலு விரல் கீழே. நிலையத்துக்கு போன் போட்டு ஆரம்பித்தேன். ராஜகிரி மலை மேகத்தில் முண்டாசு கட்டியிருக்கிறது என்றேன். தண்ணீர் தடுப்பாட்டம் ஆடுகிறது என்றேன். ஒரு நண்டு எல்லைக்கோட்டை நோக்கி ஓடியதை மூச்சுவிடாமல் சொன்னேன்.

ஆட்டுக்குட்டியை இடுக்கிக்கொண்டு நின்ற ஒரு பெண், "இன்னா சார், நண்டுக்கே இந்தக் கத்து கத்துறீங்க? தண்ணி வந்தா தொண்டை இருக்குமா?" என்றாள்.

நான் கத்தினாலும் தண்ணீர் அசையவில்லை. பத்து நிமிஷம் முடிந்தது. நிலையத்தில் பாட்டைப் போட்டுவிட்டார்கள்.

அப்போது ஒரு காற்று வந்தது. ஏரி முழுதும் ஒருமுறை சிலிர்த்தது. கண்ணாடி விரிப்பு மாதிரி தண்ணீர் கல்மேல் வழுக்கி அந்தப் பக்கம் விழுந்தது.

"போகுதுடோய்!" கரையே குதித்தது. நானும் கத்தினேன், இணைப்பு போன போனில்.

பக்கத்தில் நின்ற விவசாயி, எங்கள் வானொலி ஓடிக்கொண்டிருந்த தன் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் காதலன் உருகிக்கொண்டிருந்தான். "இன்னா சார் இது? இங்க தண்ணி போகுது, ரேடியோவுல லவ் பாட்டு பாடிகினுகீறான்! சொல்லு சார்!"

"அண்ணே, நீங்கதான் கண்ணால பாக்கறீங்களே?"

"நான் பாக்கறேன். எங்க வூட்டுக்காரி கால் ஒடிஞ்சு படுத்துனு இருக்குது. உன்னத்தான் கேட்டுகினு இருக்குது!"

எனக்குத் தெரிந்து எனக்கிருந்த முதல் நேயர். விவசாயி நிலையத்துக்கு போன் போட்டார். அவரைப் பார்த்து ஆட்டுக்குட்டிக்காரி போட்டாள். கரையில் ஆளாளுக்குப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. "சார், லைன் தாங்கல! பேசுங்க!" சரணத்தின் நடுவில் காதலனின் கழுத்தை நெரித்துவிட்டார்கள்.

ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதிய உவமைகள் சட்டைப் பையில் இருந்தன. வாயில் வந்தது ஒன்றுதான். "போகுது! ஐயோ, போகுதுங்க!"

விவசாயி போனைப் பிடுங்கினார். "ஏமே, கேட்டுச்சா? முழங்கால் ஒசரம் போகுது!"

"கணுக்கால்தான்," என்று போனைத் திரும்ப வாங்கித் திருத்தினேன். தொழில் தர்மம்.

அதற்குள் இயக்குநரின் குரல்: "சார், நிறுத்தாதீங்க. திங்கட்கிழமைப் பாட்டை வேற நேரத்துக்குத் தள்ளிக்கறேன்."

என் காதில் மட்டும் சொல்வதாக அவர் நினைத்திருந்தார். கரையில் ரேடியோ ஓடிய அத்தனை செல்போனிலும் கேட்டது. விசில் பறந்தது. இனி அவர் பின்வாங்க முடியாது. ஊருக்கே தகவல் சொல்லியாகிவிட்டது.