கோடு போட்ட உறை

மாத்திரையைக் கொடுக்குமுன் நோயாளியையே பெயர் சொல்லச் சொல்லி அவருடைய மருந்து நோட்டோடு ஒப்பிட வேண்டும். உறையின் மேல் அந்தப் பெயரை எழுத வேண்டும். இது விதி. கிருஷ்ணகிரியில் சுகாதாரத் துறை அலுவலகத்தில் இருந்தபோது இந்தச் சுற்றறிக்கையை நானே பல முறை படியெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

எங்கள் வரிசை வீடுகளில் வேறு நடைமுறை. ஓசூர் கம்பெனிகளில் ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிற்க நேரமில்லை. ஷிப்டு முடிந்து வரும் பக்கத்து வீட்டுப் பெண் ஐந்து வீட்டு நோட்டுகளையும் வாங்கிப்போய் ஐந்து உறைகளோடு வருவாள். உறையின் மேல் பெயர் கிடையாது. எத்தனை வேளை என்பதற்குக் கோடு மட்டும். நேரம் நிறைய இருந்த நானும் என் மனைவியின் நோட்டைக் கொடுத்தனுப்பினேன். வரிசையில் நிற்பது என் பதவிக்கு ஒவ்வாது என்று ஓய்வு பெற்ற பிறகும் நினைப்பு.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு என் மனைவி சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். புடவை முழுக்க வியர்வை. கை நடுங்கியது. என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றாள். முப்பத்தெட்டு வருடத்தில் அவள் கேட்காத கேள்வி.

ஆட்டோவில் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனேன். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியதும் கண்ணைத் திறந்தாள். ரத்த அழுத்தம் மட்டுமே உள்ளவளுக்கு நான் என் கையால் கொடுத்தது சர்க்கரை மாத்திரை.

பக்கத்து வீட்டுப் பெண் அழுதாள். "உறையெல்லாம் பையில கொட்டிக் கலந்துபோச்சு சார். அம்மாவுக்குக் காலைல ஒண்ணுதானேன்னு ஒரு கோடு போட்டதை எடுத்துக் கொடுத்தேன். நீங்க ஆபீசர், பாத்துத்தானே குடுப்பீங்க?"

ஒரு கோடு போட்ட இன்னொரு உறை யாருக்குப் போனது? கடைசி வீட்டு அம்மாளுக்கு. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், வந்து இரண்டே மாதம். வீடு பூட்டியிருந்தது. முந்தின நாள்தான், ஓசூர்க் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனோடு ஊருக்குப் போனார்களாம். அங்கே அந்த அம்மாள் சர்க்கரைக்கென்று என் மனைவியின் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தார். அவர்கள் போன் எண் எங்கள் யாரிடமும் இல்லை. சுகாதார நிலையப் பதிவேட்டில் இருந்தது.

"எண் வெளியே தரக்கூடாது சார். ரூல்ஸ் உங்களுக்குத் தெரியாததா?" என்றார் செவிலியர்.

"அப்ப நீங்களே கூப்பிடுங்கம்மா."

"அதுக்கு மேலிடத்துல கேக்கணும். எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தேன். 'மிக அவசரம்' என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன். அந்த அடிக்கோட்டுக்கு என்ன மரியாதை என்று எனக்குத் தெரியாதா? அப்படிப்பட்ட மனுக்களை எந்தக் கோப்பில் போடுவோம் என்பதும் தெரியும்.

அதனால் மறுநாளிலிருந்து எங்கள் குருபரப்பள்ளி நிறுத்தத்தில் நின்று, கம்பெனி பஸ் ஒவ்வொன்றிலும் ஏறி அந்த மகனைத் தெரியுமா என்று கேட்டேன். மூன்றாம் நாள் ஒருவர், "அவன் கம்பெனில எங்க லைன்ல வேலை பாக்குறவன்தான் சார்" என்று போனை எடுத்தார்.

மறுமுனையில் மகன். "அம்மா ரெண்டு நாளா தண்ணி தண்ணின்னு கேக்குறாங்க. வெயிலுன்னு நெனச்சோம்யா." அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பத்து நாளில் இருவரும் திரும்பிவிட்டார்கள்.

அந்த அம்மாள் கடைசி வீட்டு வாசலில் வடாம் காயப் போட்டுக்கொண்டிருந்தபோது தபால்காரர் வந்தார். என் மனுவுக்குப் பதில்: அந்த அம்மாளின் போன் எண்ணை எனக்குத் தர அனுமதிக்கப்பட்டிருந்தது.