இருட்டில் ஓட்டாத நாள்

ஹைதராபாத் உப்பலில் பேருந்து ஏறும்போதே எனக்குள் குளிர ஆரம்பித்துவிடும். வெளியே ஆட்டோ ஹாரன், புழுக்கம், சேறு. எனக்குள்ளே உறைந்த ஆர்கான் வாயு. நாற்பத்தேழு வயதில் முனைவர் பட்டத்துக்கு எழுதுகிறவளுக்கு வேறென்ன ஓடும்? அதே ஆய்வுக்கூடத்தில் இருபது வருடம் அடுத்தவர்களின் மாதிரிகளை அளந்து கொடுத்தேன். கடைசியில் எனக்கென்று ஒன்றை அளக்க உட்கார்ந்தேன். ஏற்கெனவே நீட்டித்துத் தந்த கெடு அந்த ஆகஸ்டோடு முடிகிறது. இனி நீட்டிப்பில்லை என்று கடிதமே வந்துவிட்டது.

வேலை இதுதான். ஃபார்மமைடு, ஆறே அணு கொண்ட சின்ன மூலக்கூறு. நம் உடம்பின் புரதங்களைக் கோத்திருக்கும் கட்டு போல ஒன்று அதற்குள்ளும் உண்டு. அதை ஏராளமான ஆர்கான் வாயுவோடு கலந்து, வெற்றிடத்தில், கடுங்குளிரில் இருக்கும் ஒரு வில்லையின் மேல் படியவிடுவோம். ஒவ்வொரு மூலக்கூறும் யாருமில்லாத பனியில் தனியே புதைந்து நிற்கும். பிறகு புற ஊதா விளக்கைப் போடுவோம். கட்டு அறும். அறுந்தவை எங்கே போகும்? போக இடமில்லை. அம்மோனியாவும் கார்பன் மோனாக்சைடும் பிரிந்த பிறகும் ஒரே குழிக்குள், முகத்தோடு முகம். இதுவரை எல்லாரும் கண்டதுதான், எழுதியதுதான்.

எனக்குக் கிடைத்தது அதற்கு மேலே ஒன்று. விளக்கு எரிய எரிய, திரையில் ஓடும் அகச்சிவப்பு அளவீட்டுக் கோட்டில் ஒரு சின்ன மேடு. ஒரு மணி நேரத்தில் நிழல் போல, மூன்று மணி நேரத்தில் கைவைத்துத் தடவலாம் போல. துண்டுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வேறொன்றாகின்றன என்று எழுதினேன். ஒரு அத்தியாயம் முழுக்க அந்த மேடு. அது இல்லாவிட்டால் ஆய்வேடே இல்லை.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம். இன்று விளக்குப் போட்டு ஓட்டினால், நாளை அதே மாதிரியைப் புதிதாகப் படியவைத்து, விளக்கே போடாமல் அத்தனை மணி நேரமும் ஓட்டிப் பார்க்க வேண்டும். இருட்டு ஓட்டம். அதிலும் தெரிவது விளக்கின் வேலையல்ல. வருகிற ஒவ்வொருவரிடமும் அதை வற்புறுத்தி வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான்தான். என் முறை வந்தபோது கருவி மாதத்துக்கு இரண்டே நாள் கிடைத்தது. முதல் நாள் மேட்டைக் கண்டேன். இரண்டாம் நாள், அது இன்னும் வளர்வதைப் பார்க்கும் ஆசையில், மறுபடி விளக்கைப் போட்டேன். அடுத்த மாதங்களிலும் அப்படியே.

பம்புகளையும் திரவ நைட்ரஜனையும் பார்த்துக்கொள்ளும் ஊழியரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்; ஊருக்குள்ளேயே மௌலா அலி பகுதிக்காரர். மூன்று தலைமுறை ரயில்வே தமிழ்க் குடும்பம். அளக்கிற கருவியின் கண்ணை, அதாவது உணரியை, குளிரில் வைக்க அதன் குடுவையில் நைட்ரஜன் ஊற்றுவது அவர்தான். ஆகஸ்ட் முதல் வாரம், ஊற்றியபடியே கேட்டார்.

"முந்தியெல்லாம் சாயந்தரம் வரைக்கும் தாங்கும்மா. இப்ப மத்தியானமே காலி. கைக்கு, ஏன்னு யோசிச்சியா?"

"பழசாயிடுச்சுண்ணே."

"ஹவ், பழசுதான். நானும்தான் பழசு, எனக்குள்ள காத்து பூந்துடுச்சா? இதுல வாக்குவம் போயிருக்கு. உள்ள ஈரம் சேர்ந்து பனி புடிக்கும். நீ இருட்டுல ஓட்டினியா இல்லியா?"

ஓட்டப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். எல்லா நாளும் விளக்குதான்.

மறுநாள் காலை கெஞ்சி ஒரு நாள் வாங்கினேன். ஃபார்மமைடு இல்லை, ஆர்கான் இல்லை, விளக்கு இல்லை. வெறும் வில்லை. முதல் மணி நேரத்தில் நிழல் போல. மூன்றாவதில் அதே மேடு, அதே இடத்தில், அதே வளைவில். நான் கண்டுபிடித்தது, பார்க்கிற கண்ணிலேயே படிந்த பனியை. மழைக்கால ஹைதராபாத்தின் ஈரத்துக்கு முப்பத்தெட்டுப் பக்கம் விளக்கம் எழுதியிருந்தேன்.

என் நெறியாளர் என்னைவிட எட்டு வயது சின்னவர், தெலுங்குக்காரர். வெறும் வில்லையின் கோட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, தேர்வாளர்கள் இவ்வளவு தூரம் தோண்ட மாட்டார்கள், மேலும் ஆய்வு தேவை என்று ஒரு வரி சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்றார். அன்பாகத்தான் சொன்னார். என் வயதை நினைத்துச் சொன்னார்.

இரண்டு நாள் அந்த ஒரு வரியை எழுதி எழுதி அழித்தேன். நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அது இல்லை. வாய்மொழித் தேர்வில் நின்று அந்த மேட்டைக் காட்டும்போது எனக்குப் பனி மட்டும்தான் தெரியும், சொல்ல வாய் வராது, அவ்வளவுதான். அத்தியாயத்தை எடுத்தேன். மிச்சமிருந்தது மற்றவர்கள் எப்போதோ சொன்னது, என் கையெழுத்தில். அதை ஆய்வேடாகக் கட்டிக் கொடுப்பதில் அர்த்தமில்லை என்று நெறியாளரே கடைசியில் ஒத்துக்கொண்டார். கெடு ஒரு செவ்வாய்க்கிழமை போனது. அன்று யாருடைய மாதிரியையோ அளந்துகொண்டிருந்தேன்.

செப்டம்பரில் அண்ணன் உணரியைக் கழற்றி, சூடேற்றி, உள்ளிருந்த காற்றையெல்லாம் உறிஞ்சிச் சரிசெய்தார். நைட்ரஜன் மறுபடி சாயந்தரம் வரை தாங்கியது. ஒரு சனிக்கிழமை பகலில், யாரும் கேட்காமலே, ஃபார்மமைடைப் படியவைத்து விளக்கைப் போட்டேன். கட்டு அறுந்தது. அம்மோனியா வந்தது, கார்பன் மோனாக்சைடு வந்தது. மேடு இருந்த இடத்தில் கோடு தட்டையாகப் போய்க்கொண்டே இருந்தது. நான்கு மணி நேரம் பார்த்தேன்.

அண்ணன் எட்டிப் பார்த்தார். விளக்கை அணைத்துவிடவா என்று கேட்டார். அணைக்கச் சொன்னேன்.